மண்ணில் நிலைகொள்ளும் மனம்

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த அன்புக்கொடி மக்கள் பலர். சென்னையிலும், அதற்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும், மளிகைக் கடை வைத்தும் கிடைத்த வேலை பார்த்தும் குடும்பம் நடத்துகிறார்கள். ஊரில் இருந்த காலத்தில் பதி பக்கத்தில் இருந்தது. நிழல் தாங்கலில் உச்சிப்படிப்பு கேட்டது. திருஏடு வாசிப்புக்கு ஊரே கூடியது. இங்கே அப்படி இல்லை. அதிகாலையில் கடை திறந்து இரவில் மூடும் வாழ்வு. கண்ணாடி முன் விளக்கேற்றி அமர்ந்தாலும், ஐந்து நிமிடத்தில் மனம் கடை வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஊரில் விட்டு வந்த நிலத்துக்கும் ஓடிவிடுகிறது.

'மனம் ஒரு நிலையில் நிற்க என்ன வழி?' என்பது இவர்கள் பலரின் கேள்வி. 'உடல், பொருள், மண் எல்லாவற்றையும் மறந்தால்தானே ஆன்மா விளங்கும்? வயிற்றுப்பாட்டுக்காக ஓடுகிறவனுக்கு அது எப்படி முடியும்?' என்று சிலர் மனம் தளர்ந்தும் போகிறார்கள். அய்யாவின் வாழ்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. அந்த விடையைக் கோவளம் கடற்கரையை முன்வைத்துச் சிந்திப்பதே இந்தப் பாடம்.

ஒரே பெயர், இரண்டு கரை

கோவளம் என்றதும் தென்னாட்டு அன்பர்களுக்கு நினைவுக்கு வருவது கன்னியாகுமரியை அடுத்துள்ள கோவளம்தான். பஞ்சப்பதிகளில் ஒன்றான முட்டப்பதி அதன் அருகே கடலோரத்தில் இருக்கிறது. அய்யா மீண்டும் விஞ்சை பெற்ற தலம் என்று போற்றப்படும் கரை அது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம் வேறு. சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், வடக்கே முட்டுக்காடும் தெற்கே திருவிடந்தையும் சூழ, வங்கக் கடலோரம் அமைந்த மீனவர் ஊர். கார்மேல் மாதா ஆலயமும் தமீம் அன்சாரி தர்காவும் இங்கே உள்ளன. மூன்று சமயத்தாரும் ஒரே மணலில் நடந்து வருகிறார்கள்.

தெற்கே முட்டப்பதிக் கரையில் நின்று கடலைக் கும்பிட்டவர், இந்தக் கோவளத்தில் நிற்கும்போது, 'இது நம் மண் அல்லவே' என்று எண்ணுவதுண்டு. ஆனால் அய்யா ஏதோ ஒரு சாதிக்கோ ஒரு சீமைக்கோ உரிய மண்ணில் மட்டும் உறைபவர் அல்லர். ஏகம் என்று அய்யாவழி சொல்வது, எல்லாவற்றிலும் பிரியாமல் நிற்கும் ஒன்றையே. சாமிதோப்பின் மண்ணில் நிற்கும் ஏகம், கோவளத்தின் மணலிலும் நிற்கிறது. குறை மண்ணில் இல்லை. மண்ணின்மேல் நின்றும் அதில் ஊன்றாமல் இருக்கும் மனத்தில்தான் குறை.

கடலில் விஞ்சை, மண்ணில் தவம்

கொல்லம் ஆண்டு 1008 மாசி 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டு, திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராய் எழுந்தருளினார். விஞ்சை பெற்றது கடலில். ஆனால் தவம் இயற்றியது கடலிலும் அல்ல, மலை உச்சியிலும் அல்ல. கரையேறி நடந்து, தெட்சணத்தில் பூவண்டன்தோப்புக்கு வந்து, மக்கள் புழங்கும் மண்ணிலேயே தவத்தை ஆற்றினார்.

அந்தத் தவத்தின் முறையை அன்பர்கள் அறிவார்கள். மொத்தம் ஆறு ஆண்டுகள். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடி ஆழக் குழியில். அடுத்த இரண்டு ஆண்டுகள் தரை மட்டத்தில் அமர்ந்து. கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்தில். முதல் தவம் யுகத்துக்காக, இரண்டாவது சாதிக்காக, மூன்றாவது பெண்மக்களுக்காக என்று பெரியோர் விளக்குவர். தவம் நடந்த இடம் இன்றும் சாமிதோப்பில் வடக்கு வாசலாக வணங்கப்படுகிறது.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பீடம் முதலில் வரவில்லை. குழிதான் முதலில் வந்தது. உயர்வதற்கு முன்னே மண்ணுக்குள் இறங்கினார். மண்ணை விட்டுத் தப்பி மேலே போவதுதான் ஆன்மிகம் என்றால், இந்த வரிசை தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அந்நாளின் நிலையை எண்ணினால் குழியின் பொருள் இன்னும் விளங்கும். திருவிதாங்கூரில் அன்று பல சாதியாருக்குக் கால் ஊன்றி நிற்கக்கூட இடம் கிடையாது. சில தெருக்களில் நடக்கக் கூடாது. சில கிணறுகளைத் தொடக் கூடாது. உயர்ந்தவர் எனப்பட்டவர் எதிரே வந்தால் ஒதுங்கி ஓட வேண்டும். பெண்கள் மேலாடை அணியத் தடை, ஆண்கள் தலைப்பாகை கட்டத் தடை. அப்படித் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் கீழே, எல்லாருடைய பாதங்களுக்கும் கீழே, அய்யா சென்று இருந்தார். அதற்குக் கீழே தள்ள எவராலும் முடியாது. அங்கிருந்து தரைக்கும், தரையிலிருந்து பீடத்துக்கும் வந்தபோது, அவரை நம்பிய மக்களும் நிமிர்ந்தார்கள்.

ஆகவே, மனம் நிலைகொள்ளுதல் என்பது முதலில் இறங்குதல். தன் உடல், தன் வீடு, தன் வேலை, தன் கடன், தன் நோய் ஆகியவற்றை உள்ளபடி காணும் அளவுக்கு இறங்குதல். அதைத் தவிர்த்துவிட்டுப் பீடத்தை மட்டும் நாடுகிறவர் மனம் காற்றில் நிற்கிறது.

உலர்ந்த மணலும் ஈர மணலும்

கோவளம் கரையில் காலை நேரத்தில் நடப்பவர்கள் ஒரு செய்தியை அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். கரையின் மேட்டுப் பகுதியில் மணல் உலர்ந்து கிடக்கிறது. அங்கே கால் வைத்தால் புதைகிறது. ஒவ்வோர் அடியும் சறுக்குகிறது. அலைக்குள் இறங்கி நின்றாலோ, திரும்பும் நீர் பாதத்துக்கு அடியில் உள்ள மணலை அரித்துக்கொண்டு போகிறது. நிற்பவர் தள்ளாடுகிறார். இரண்டுக்கும் நடுவே, அலை வந்து நனைத்துவிட்டுப் போன ஈரப் பட்டை ஒன்று உண்டு. அங்கே மணல் இறுகி இருக்கிறது. பாதம் பதிகிறது, புதைவதில்லை. குழந்தைகள் கோபுரம் கட்டுவதும் அந்த மணலில்தான்.

மூன்று இடத்திலும் மணல் ஒன்றே. வேற்றுமை நீரில் உள்ளது. அளவான ஈரம் இருக்கும்போது மணல்மணிகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் நின்று, அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. நீரே இல்லாவிட்டால் அந்தப் பிடிப்பு இல்லை. நீர் நிரம்பி வழிந்தாலும் அந்தப் பிடிப்பு அற்றுப் போகிறது.

மணல் என்பது உடலும் பொருளும். ஈரம் என்பது உயிரின் உணர்வு. உடலையும் காசையும் மட்டும் நம்பி, உள்ளே இருப்பதை ஒருநாளும் நினையாதவர் வாழ்வு உலர்ந்த மணல். சேர்த்தது எவ்வளவு ஆனாலும் கால் சறுக்கிக்கொண்டே இருக்கும். உடலையும் குடும்பக் கடமையையும் மறந்து ஆவேசத்தில் மிதப்பவர் வாழ்வு அலைக்குள் நிற்பது. பரவசம் வடிந்ததும் காலடியில் மண் இருக்காது. உயிர் உடலில் ஊறி, உடல் உயிரைத் தாங்கி, இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிற்பதே நிலைத்த வாழ்வு. அய்யா இல்லறத்தாரை வீட்டை விட்டு ஓடச் சொல்லாததன் பொருள் இதுவே.

'உலகம் மாயை அல்லவா? பொருளில் ஊன்றினால் மாயையில் ஊன்றியதாகாதா?' என்று கேட்கலாம். கலியின் மாயை எங்கே குடியிருக்கிறது என்பதை அறிந்தால் இந்த ஐயம் நீங்கும். கலிநீசன் குடியிருப்பது மண்ணிலோ மரத்திலோ அல்ல, மனிதரின் மனத்தில். ஒரு ஏக்கர் நிலம் தன்னளவில் நிலம்தான். 'இது எனக்கு மட்டும், நீ இதில் கால் வைக்காதே' என்ற எண்ணத்தில் கலி நுழைகிறது. கிணற்று நீர் தன்னளவில் நீர்தான். 'இந்தச் சாதிக்காரன் தொட்டால் தீட்டு' என்பதில் கலி நுழைகிறது. பொருளை விட்டு ஓடுவதால் கலி ஒழியாது. பொருளின்மேல் படிந்த அந்த எண்ணம் ஒழிய வேண்டும்.

நெற்றியில் ஏறிய மண்

அய்யா தம்மை நாடி வந்த நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்து மண்ணும் தண்ணீருமே. எல்லாருக்கும் கிடைக்கும் பொருள்கள், யாரிடமும் விலை கொடுத்து வாங்க வேண்டாதவை. இன்றும் பதிகளிலும் தாங்கல்களிலும் திருநாமமாகத் தரப்படுவது மண்ணே. மேல்மண்ணை நீக்கித் தோண்டி எடுத்த தூய வெண்மண், நெற்றியில் சுடர் வடிவில் ஏறுகிறது.

காலில் ஒட்டினால் அழுக்கு என்று கழுவும் பொருள், நெற்றியில் ஆன்ம ஒளியின் அடையாளமாகிறது. பொருளுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள உறவை இதைவிட எளிதாக எவரும் சொல்ல முடியாது. ஒளியைக் குறிக்கப் பொன்னையோ மணியையோ அய்யா தேர்ந்தெடுக்கவில்லை. மண்ணைத் தேர்ந்தெடுத்தார். மண் தன் இடத்தில் வைக்கப்படும்போது ஒளியைத் தாங்கும் என்பது அதன் பொருள்.

மனித உடலை ஐம்பூதங்களின் கூட்டு என்று தமிழ்ச் சித்தர்கள் கணக்கிட்டார்கள். எலும்பு, தோல், தசை, நரம்பு, மயிர் ஆகியவற்றை மண்ணின் கூறு என்றார்கள். அதை இன்று வேறு சொற்களிலும் கூறலாம். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் இரத்தத்தில் உள்ள இரும்பும், பயிர் வழியாக மண்ணிலிருந்து வந்தவை. எவரும் மண்ணுக்கு வெளியே இல்லை. மண்ணே எழுந்து நடந்து, கைகூப்பி, அய்யாவை நினைக்கிறது. திருநாமம் இடும் ஒவ்வொரு முறையும் அன்பர் இதை நினைத்தால், உடலைப் பழிக்கவும் தோன்றாது, உடலையே பெரிதென்று செருக்கவும் தோன்றாது.

பூமடந்தையை ஏற்ற இறை

ஏத்தாமொழிக்கு அருகே உள்ள பூப்பதியில், அய்யா பூமடந்தையைத் தம்மோடு ஏகமாக்கிக்கொண்டதாக மரபு கூறுகிறது. பூமடந்தை என்பவள் பூமித்தாய். இறை பூமியை விலக்கவில்லை, தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பதே பூப்பதி உணர்த்தும் செய்தி.

கோவளத்திலிருந்து சிறிது தொலைவில் தெற்கே உள்ள திருவிடந்தையிலும் இதற்கு நெருங்கிய ஒரு காட்சி உண்டு. 108 திவ்விய தேசங்களில் ஒன்றான அத்தலத்தில், ஆதிவராகர் தம் இடப்பக்கத்தில் தாயாரைத் தாங்கி நிற்கிறார். நித்திய கல்யாணப் பெருமாள் என்பது அவர் பெயர். வழிபாட்டு முறை வேறு, அய்யாவழி வேறு. இருந்தாலும், தென்கோடிப் பூப்பதியும் இந்த வடகரைக் கோவிலும் சொல்லும் உண்மை ஒன்றுதான்: மேலானது கீழானதைத் தாங்கும்போதே மேலானதாகிறது. திருவிடந்தை வழியாகப் போகும் அன்பர் ஒருவர், பூப்பதியை இங்கிருந்தே நினைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடி முன் அமரும் முறை

மேலே சொன்னவை வெறும் கருத்தாக நின்றுவிடாமல் அன்றாடப் பழக்கமாக வேண்டும். கடை திறக்கும் முன்போ, வேலைக்குக் கிளம்பும் முன்போ, கால் மணி நேரம் போதும்.

முதலாவது, முகமும் கையும் காலும் கழுவித் தூய ஆடை அணிய வேண்டும். ஆண்கள் தலைப்பாகை கட்டுவது முறை. தலைப்பாகை ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட மதிப்பு என்பதை நினைத்துக் கட்டினால் முதுகு தானே நிமிரும். பிறகு திருநாமம் அணிய வேண்டும்.

இரண்டாவது, தரையில் அமர வேண்டும். முடியாத பெரியவர்கள் நாற்காலியில் அமர்ந்து, இரு பாதங்களையும் தரையில் பதித்துக்கொள்ளலாம். உடலின் பாரம் முழுவதையும் பூமி தாங்குகிறது என்பதை உணர வேண்டும். பாரத்தைத் தானே சுமப்பதாக எண்ணும் மனம் இங்கேயே சற்றுத் தளரும்.

மூன்றாவது, மூச்சை அடக்கவோ இழுத்துப் பிடிக்கவோ வேண்டாம். வந்து போகும் மூச்சைப் பத்து முறை கவனித்தால் போதும். எண்ணம் கடைக்கோ ஊருக்கோ ஓடினால் அதைத் திட்டாமல், பாதம் தரையைத் தொடும் இடத்துக்குக் கவனத்தைத் திருப்ப வேண்டும். நூறு முறை ஓடினாலும் நூறு முறை திருப்புவதுதான் தவம்.

நான்காவது, கண்ணாடியை நோக்க வேண்டும். முதலில் நெற்றியின் திருநாமம், பிறகு தன் கண்கள், பிறகு விளக்கின் சுடர். மண்ணும் மனிதரும் ஒளியும் ஒரே கண்ணாடிக்குள் நிற்பதைக் காண வேண்டும். 'சிவசிவா, அரகரா' என்ற நாமத்தை மெதுவாக, வாயும் மனமும் ஒன்றாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, எழும் முன் ஒருவரை நினைக்க வேண்டும். இன்று தன் கையால் ஒரு வாய் உணவோ, ஒரு நல்ல சொல்லோ, ஓர் உதவியோ பெற வேண்டியவர் யார் என்று பார்த்துவிட்டு எழ வேண்டும்.

பதற்றம் மிகுந்த நாளில் அமரவே முடியாமல் போகலாம். அப்போது கோவளம் கரையில் ஈர மணலில் செருப்பின்றி நாமம் சொல்லி நடப்பதும் இதே பயிற்சிதான். வாரக்கணக்கில் தூக்கம் வராமலும் உணவு செல்லாமலும் இருந்தால் மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது. உடலும் அய்யா தந்ததே, அதைக் கவனிப்பதும் பணிவிடையே.

நிலைத்ததற்கு அடையாளம்

மனம் நிலைத்ததா இல்லையா என்பதை எப்படி அறிவது? உள்ளே ஒளி தெரிந்தது, உடல் சிலிர்த்தது என்பவை அடையாளம் அல்ல. அய்யா காட்டிய அடையாளம் வேறு. மண்ணில் தவமிருந்தவர், அந்த மண்ணிலேயே முத்திரிக்கிணற்றை ஏற்படுத்தி, எல்லாச் சாதியாரையும் ஒரே நீரில் குளிக்கச் செய்து, ஒன்றாக அமர்ந்து உண்ண வைத்தார். தமக்கு நிற்க இடம் கிடைத்ததோடு அவர் தவம் முடியவில்லை. மற்றவர்க்கும் நிற்க இடம் கிடைத்தது. துவையல் தவசு இருந்த 700 குடும்பங்களும் கடலோர மணலில் ஒன்றாக வாழ்ந்து, துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு அதைத்தான் பயின்றார்கள்.

கோவளத்துக்கு வடக்கே முட்டுக்காட்டில் உப்பங்கழி கடலைச் சேரும் முகத்துவாரம் இருக்கிறது. கோடையில் மணல் திட்டு அதை அடைத்துவிடும். உள்ளே உள்ள நீர் தேங்கிப்போகும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்து திட்டை உடைத்ததும், கடல் உள்ளே வரும், கழி வெளியே போகும், மீனும் இறாலும் ஏறி வரும். அடைபட்ட கழியைப் பார்ப்பவர் 'நீர் சலனமின்றி நிலையாக இருக்கிறது' என்று எண்ணலாம். அது நிலைப்பு அல்ல, தேக்கம். தியானம் செய்து மனம் அடங்கியதாகச் சொல்பவர் தன் வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் முகம் கொடுக்காமல் இருந்தால், அங்கே நடந்திருப்பதும் தேக்கமே.

இன்று கடற்கரைச் சாலை நெடுகிலும் எழும் கட்டடங்களில் வேலை செய்பவர்களில் பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். ஒரு காலத்தில் தெற்கிலிருந்து வந்த அன்பர்கள் எப்படி வந்தார்களோ, அப்படியே வந்தவர்கள். மொழி தெரியாமல், கையில் காசில்லாமல், கடை வாசலில் நிற்கிறார்கள். அவரை 'டேய்' என்று அழைப்பதா, 'வாங்க தம்பி' என்று அழைப்பதா? தண்ணீர் கேட்டால் தனிக் குவளையா, வீட்டுக் குவளையா? காலையில் கண்ணாடி முன் அமர்ந்த கால் மணி நேரம் உண்மையா என்பதற்குச் சோதனை அங்கே நடக்கிறது. அந்த மனிதருக்குக் கடை வாசலில் மதிப்போடு நிற்க ஓர் அடி இடம் கிடைத்தால், கடைக்காரர் மனமும் நிலைத்துவிட்டது என்று அறியலாம்.

'இது நம் மண் அல்லவே' என்ற பழைய ஏக்கத்துக்கும் மருந்து இதுவே. ஒரு மண் சொந்தமாவது பத்திரத்தால் மட்டும் அல்ல. அந்த மண்ணில் இன்னொருவருக்கு இடம் கொடுக்கும் நாளில் அது சொந்தமாகிறது. அய்யா ஆறடிக் குழியில் இறங்கியதும், 1851ஆம் ஆண்டு வைகுண்டம் எழுந்தருளியபின் அவர் திருமேனி அதே சாமிதோப்பு மண்ணில் வைக்கப்பட்டதும், அந்த மண் எல்லாருக்கும் உரிய பதியாக ஆனதும் ஒரே வழியின் அடிகள். தெற்கே முட்டப்பதிக் கரையில் நின்றாலும், வடக்கே கோவளம் கரையில் நின்றாலும், அந்த அடிகளில் கால் வைப்பவர் அய்யாவின் மண்ணிலேயே நிற்கிறார்.

சிந்தனைக்கு

1. அய்யாவின் தவம் குழியில் தொடங்கிப் பீடத்தில் நிறைந்தது ஏன்?

2. உலர்ந்த மணல், அலைக்குள் மணல், ஈர மணல் ஆகிய மூன்றில், இந்த வாரம் தன் வாழ்வு எதைப்போல் இருந்தது?

3. கலியின் மாயை பொருளில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பதைத் தன் வீட்டிலோ கடையிலோ நடந்த ஒன்றைக் கொண்டு விளக்க முடியுமா?

4. தன்னால் நிற்க இடம் பெற வேண்டிய ஒருவர் யார்? அவருக்கு இன்று செய்யக்கூடியது என்ன?

அய்யா உண்டு